ஒரு தட்டு அதிரசமும் நான் எழுதிய விதிகளும்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நாட்டைத் திருத்துகிற பொறுப்பு என் தலையில்தான் விழுந்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்பிய காலம் அது. பகலில் மலாக்கா டவுனில் ஒரு வழக்கறிஞரிடம் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. மாலையில் காஜா பெராங் வட்டாரச் சங்கத்தின் செயலாளர். சங்கத்தில் தட்டச்சு தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் வந்த பதவி. என் அறிவைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று அப்போது நினைத்திருந்தேன்.

எங்கள் சாலை முனையில் ஓர் அக்கா அப்பக் கடை வைத்திருந்தார். கணவர் இல்லை, மூன்று பெண்பிள்ளைகள். கடை நின்றது அரசாங்க நிலத்தில். அந்த இடத்தில் பெட்ரோல் நிலையம் வைக்க ஒரு தவுக்கே, சீன முதலாளி, கேட்டிருந்தார். மாநிலச் சட்டமன்றத்தின் நிலக் குழு கதவைச் சாத்திக்கொண்டு அதை முடிவு செய்யும். குழுவில் ஒருவர் தவுக்கே வீட்டு விருந்துக்கு அடிக்கடி போகிறவர் என்று ஊரே பேசியது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடையைக் காப்பாற்ற ஒரு மனு எழுத உட்கார்ந்தவன், சட்டமன்றத்துக்கே விதிகள் எழுதி முடித்தேன். ஏழு பக்கம். உறுப்பினர்கள் யார் யாரைச் சந்தித்தார்கள் என்று எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும்; எதை வாங்கினாலும் சபையில் சொல்ல வேண்டும்; ஒரு விவகாரத்தில் எவரிடமாவது எதையாவது வாங்கியவர், அது பேச்சுக்கு வரும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும். கடைசி விதியைத் தட்டச்சு செய்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அக்காவின் கடை ஆறாம் பக்கத்தில்தான் வந்தது.

எங்கள் தொகுதி உறுப்பினரும் அந்தக் குழுவில் இருந்தார். மலாய்க்காரர், முன்னாள் பள்ளி ஆசிரியர், நேர்மையானவர். அக்காவுக்காகப் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் சங்கத் தலைவரும் அவர் வீட்டுக்குக் கிளம்பினோம். தலைவர் என் கையைப் பார்த்தார்.

“என்னா தம்பி, பெரிய மனுசன் வீட்டுக்கு வெறுங்கையோடவா போறது? நல்லாவா இருக்கும்?”

நல்லா இருக்காதுதான். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் என்று தட்டு தயாரானது. கேள்விப்பட்ட அக்கா, வைத்திருந்த மாவில் அவசரமாக இருபது அதிரசம் சுட்டுக் கொண்டுவந்து அதில் அடுக்கினார். ஒரு கையில் மனு, மறு கையில் தட்டு. இரண்டையும் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

ஆசிரியர் பென்சிலை எடுத்துக்கொண்டு ஏழு பக்கத்தையும் வரிவரியாகப் படித்தார். அவர் படித்து முடிப்பதற்குள் அவர் பிள்ளைகள் தட்டைக் காலி செய்துவிட்டார்கள். அவரும் ஓர் அதிரசம் தின்றார். “இதில் உள்ள ஒவ்வொரு விதியையும் நான் ஏற்றுக்கொள்கிறேன்,” என்றார் மலாயில். திரும்பி வரும்போது என் கால் தரையில் படவில்லை.

குழு கூடிய மறுநாள், அவரே சைக்கிளில் என் அலுவலக வாசலுக்கு வந்தார். அக்காவின் விவகாரம் வந்ததும், ‘அவர்கள் கொடுத்ததை என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறோம்’ என்று குழுவில் சொல்லிவிட்டு, எழுந்து வெளியே வந்துவிட்டதாகச் சொன்னார். அவர் முகத்தில் கேலி இல்லை. “உங்கள் கடைசி விதி,” என்றார்.

விருந்துக்குப் போகிறவர் எழுந்திருக்கவில்லையாம். நன்றாகப் பேசினாராம். மாதக் கடைசிக்குள் கடையைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. சிலர் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள். நான் அக்கா செலவில் அக்காவுக்கே வைத்தேன்.

அன்று மாலை அவர் கடைக்குப் போனேன். அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“உள்ள என்னதான் தம்பி பேசுனாங்க? நம்ம வாத்தியார் ஒண்ணுமே சொல்லலையா?”

ஏழு பக்கம் எழுதியவன் சொன்னேன்: “நமக்கு எப்படிக்கா தெரியும்? கதவச் சாத்திக்கிட்டுத்தானே பேசுறாங்க.”

அக்கா நம்பிவிட்டார். “பரவால்ல தம்பி, நீங்க எவ்வளவோ செஞ்சீங்க,” என்று சொல்லி, இரண்டு அப்பத்தை இலையில் வைத்து நீட்டினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. வாங்கிச் சாப்பிட்டேன்.