பச்சை ஜாடிகளின் அக்கா

தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, பல் துலக்கும் பிரஷால் கண்ணாடியில் படிந்த பாசியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார் டேங்க் அக்கா. பாசி எது, உயிர் எது என்று பிரித்தறிய இந்தக் கடலுயிர்க் காட்சிச்சாலையில் அவர் ஒருவரால்தான் முடியும். மற்றவர்களுக்கு இரண்டும் பச்சை. அத்தோடு அவர்களுடைய அறிவியல் முடிந்தது.

பலகையில் ‘பவளப்பாறைக் கூட்டுக் கடற்பீச்சி’ என்று எழுதியிருக்கிறது. அக்காவுக்கு அது பச்சை ஜாடி. கட்டைவிரல் உயர ஜாடி ஒவ்வொன்றிலும், ஒரே தோலுக்குள் நூற்றுக்கணக்கான குட்டி உயிர்கள். ஆளுக்கொரு வாயால் தண்ணீரை உறிஞ்சி, பொதுவான ஒரே துளை வழியே வெளியே விடும்.

“நூறு பேருக்கு ஒரே வாசல், ஒரு சண்டை கிடையாது. எங்க வீட்டுல நாலு பேருக்கு ரெண்டு பாத்ரூம், தினம் பஞ்சாயத்து” என்பார்.

“மீன் எங்கம்மா?” என்று கேட்காத பார்வையாளர் இல்லை. “வெளியில போயிருக்கு, வந்துடும்” என்பார் சிரிக்காமல். சிலர் காத்திருப்பதும் உண்டு.

மூன்று முறை கொண்டுவந்து மூன்று முறையும் செத்து, நான்காம் முறை பிழைத்தவை ஆறு ஜாடிகள். ஆறும் வெளிச்சம் தேடி ஊர்ந்து கண்ணாடியில் ஏறியிருந்தன. அவை எந்த நாளில் எங்கே இருந்தன என்று வெளிப்பக்கம் மார்க்கரால் தேதி போட்டு வைத்திருந்தார்.

போன வாரம் மகளுக்குப் பிரசவம். பதினோரு வருடத்தில் முதல் முறையாக ஒரு நாள் லீவு போட்டார். அவருக்குப் பதிலாக வந்த தோட்டக்காரர் நல்ல மனிதர், கடமையில் புலி. பிளேடால் பாசியோடு ஆறு ஜாடிகளையும் கண்ணாடியிலிருந்து சுரண்டியெடுத்து, தேதிகளையும் துடைத்துப் பளபளக்க வைத்துவிட்டார். இயக்குநர் பூரித்துப்போனார்: “இப்பதான்யா தொட்டி தொட்டி மாதிரி இருக்கு!” உடனே தூய்மைக்கான சான்றிதழ், அக்காவின் பெயருக்கு. பதினோரு வருடம் வந்ததற்குக் கிடைக்காத மரியாதை, ஒரு நாள் வராததற்குக் கிடைத்தது.

மறுநாள் வந்த அக்கா வெறும் கண்ணாடியைப் பார்த்தார். தோட்டக்காரரைத் திட்டவும் மனம் வரவில்லை. வடிகட்டிப் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துத் தேடியதில், நகத்தளவு துண்டு ஒன்று அகப்பட்டது. அதன் துளை மெல்ல மூடித் திறந்தது. “அடி கண்ணு, இருக்கியா!” என்று கடல்நீர் நிரப்பிய மக்கில் விட்டார். அதற்குள் சான்றிதழ் கொடுக்கும் விழாவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையில் இயக்குநர் புகைப்படத்துக்குத் தயாராக நின்றார். “அந்த மக்கைக் கீழ வச்சுட்டு வாம்மா.”

அக்கா ஒரு கையால் சான்றிதழை வாங்கினார். “சார், இதைக் கொஞ்சம் பிடிங்க” என்று அவரிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு தண்ணீர் தளும்பாமல், இரண்டு கைகளாலும் மக்கை அணைத்துக்கொண்டார்.