பலூன் மாமியின் மூக்கு

யாழ்ப்பாணத்துக் குருநகரில் பெர்னடெட் என்று விசாரித்தால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். பலூன் மாமி என்று விசாரித்தால் நேரே கரைக்குக் கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு அவர் வேறெங்கும் இருக்கமாட்டார்.

மாமிக்குச் சொந்தமாக ஒரு போட். அதில் மூன்றுபேர் தொழில் செய்கிறார்கள். கடலுக்குப் போகமுன் ஒவ்வொருவராக வந்து அவருடைய முகத்துக்கு நேரே ஊதவேண்டும். வீதியில் பொலிஸ் மறித்துப் பலூன் ஊதச் சொல்வதுபோலத்தான். பொலிஸின் பலூனை ஏமாற்றினாலும் இந்த மூக்கை ஏமாற்ற ஏலாது என்று ஊரே சத்தியம் பண்ணும். கராம்பு சப்பிக்கொண்டு வந்தவனையும் பல்லுத் தீட்டிவிட்டு வந்தவனையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "விடியத் தீட்டாத பல்லை மூண்டு மணிக்கு ஏன் தீட்டினவன்?" என்று கேட்டால் யார் என்ன பதில் சொல்வது?

அந்த மூக்கு சும்மா வந்ததல்ல. சின்ன வயதில் தகப்பனைக் கூட்டிவரத் தவறணைக்கு அனுப்புவார்கள். அங்கே பட்டப்பகலில், பத்துப்பேர் பார்க்க, ஓலைப் பிளாவில் பனங்கள்ளு குடிப்பார்கள். எவர் எவ்வளவு குடித்தார் என்பது அவருடைய மனைவிக்கு முன் ஊருக்குத் தெரிந்துவிடும். கலியாணம் கட்டிய அடைக்கலநாதனிடம் சாராயம் மணத்தது. சண்டைக் காலத்தில் சாராயத்துக்குத் தட்டுப்பாடு வர, களவாகக் காய்ச்சிய கசிப்பு வந்தது. குடித்தவர் ஒழுங்கை முடக்கில் திரும்பமுன்பே அதன் மணம் வீட்டுக்கு வந்துவிடும். அந்தக் கசிப்போடுதான் அடைக்கலநாதன் ஒருநாள் போட்டில் ஏறினார். வலையோடு சேர்ந்து கடலில் விழுந்தவரை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள். அவர் ஏறியபோது பெர்னடெட் கரையில் நின்றார். மணம் தெரிந்தது. நாலுபேருக்கு முன்னால் புருசனை என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டார். அதற்குத்தான் இந்த இருபத்தாறு வருசமாக அதே கரையில் நின்று வாய் ஓயாமல் கத்துகிறார்.

இந்த இருபத்தாறு வருசத்தில் அவருடைய போட்டில் போன ஒருவரும் திரும்பி வராமல் விட்டதில்லை. மனுசிக்கு உலகத்தில் வேறு பெருமை கிடையாது. சண்டை ஓய்ந்து பாதை திறந்தபிறகு பியர் வந்தது, அதைப் பிடித்தார். கடல்வழியாகக் கேரளக் கஞ்சா வந்தது. ஈரச் சாக்கு எரிகிற மணம் என்று ஒரே கிழமையில் அதையும் பிடித்துவிட்டார். எத்தனை வந்தாலும் தன்னுடைய மூக்குக்குப் பிறகுதான் என்று நினைத்தார். நினைத்ததில் பிழையும் சொல்ல ஏலாது.

இப்படியிருக்கத்தான் லூர்த்தம்மாவின் மகன் றஞ்சித் தொழிலுக்கு வந்தான். முப்பது வயது. ஊதினால் ஒன்றும் மணக்காது, பியர்கூட இல்லை. இரண்டு ஆள் வேலையை ஒருவனாகச் செய்வான். நித்திரை என்றால் என்னவென்று கேட்பான். மாமி உருகிப்போனார். "யாகப்பர் கோயில்லை சுரூபத்துக்குப் பக்கத்திலை வைக்கவேண்டிய பிள்ளை" என்று கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொல்லித் திரிந்தார். லூர்த்தம்மாவும் மகன் மெலிந்துபோவது உழைப்பால்தான் என்று நம்பியிருந்தார்.

போன வருசம் ஆவணியில் ஒரு திங்கட்கிழமை. போட்டில் மூத்தவரான எமில்ராஜ் மாமியைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"அக்கா, றஞ்சித்தை இண்டைக்கு ஏத்தாதேங்கோ. மூண்டு நாளா நித்திரையில்லை. சோறும் தொடுறானில்லை. கை நடுங்குது."

"எங்கை, முதல்லை நீ ஊது பாப்பம்."

முதல்நாள் எமில்ராஜின் பெறாமகள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய கொண்டாட்டம். மனுசன் இரண்டு பியர் குடித்திருந்தார். அது மாமியிடமிருந்து தப்புமா?

"குடிச்ச வாயாலை குடிக்காதவனைக் குறை சொல்லுறாய். வீட்டை போ."

"ஓம் அக்கா, நேற்றுக் குடிச்சனான். போறன். ஆனா நான் சொன்னதை யோசியுங்கோ."

மாமி யோசிக்கவில்லை. றஞ்சித்தும் போட்டின் மூன்றாமவனான ஷெரோனும் மட்டும் போனார்கள்.

அடுத்தநாள் காலை ஒன்பது மணிக்கு வேறொரு போட் அவர்களுடையதைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. றஞ்சித் உள்ளே கயிற்றால் கட்டப்பட்டுக் கிடந்தான். இரண்டு பிள்ளைகளின் தகப்பனான ஷெரோன் அழுதுகொண்டு இறங்கினான்.

"கடலுக்குள்ளையிருந்து ஆரோ கூப்பிடுறாங்களாம் மாமி. குதிச்சிட்டான். கயித்தைப் போட்டு இழுத்தெடுத்தன். திரும்பவும் குதிக்கப் பாத்தான், அதாலைதான் கட்டினனான்."

கரை முழுக்கச் சனம் பார்த்துக்கொண்டிருக்க, மாமி குனிந்து றஞ்சித்தின் வாயை மணந்து பார்த்தார். உப்புத்தண்ணி மணத்தைத் தவிர ஒன்றுமில்லை.

"என்னடா எடுத்தனி?"

"ஐஸ் எண்ட போதைத்தூள், மாமி. மணக்காது. அது கிடைக்காட்டில் போதைக் குளிசை."

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருசம்."

இரண்டு வருசமாக ஒவ்வொரு பின்னேரமும் அவன் அவருடைய முகத்தில் ஊதிவிட்டு ஏறியிருக்கிறான். மாமிக்கு முதலில் வந்தது கோபம். கையை ஓங்கியும்விட்டார். பிறகுதான், பியர் மணத்ததற்காக எமில்ராஜை இறக்கிவிட்டு இவனை ஏற்றியது தான்தானே என்பது உறைத்தது. ஓங்கிய கையால் கயிற்றை அவிழ்த்தார்.

வேறொருவராக இருந்தால் இனி இந்தப் பக்கம் வராதே என்று துரத்தியிருப்பார். இல்லையென்றால் மூடி மறைத்திருப்பார். லூர்த்தம்மாவுக்கும் ஊர் வாய்க்குத்தான் பயம். "ஊருக்குத் தெரிஞ்சா தலை காட்டேலாது அக்கா" என்று ஓட்டோவுக்குள் இருந்து விம்மினார். "ஊருக்கு நான் சொல்லுறன், நீ பேசாமல் வா" என்று மாமி இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அவனைப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பினார்கள்.

சொன்னபடியே சொல்லவும் செய்தார். ஞாயிறு பூசை முடிந்து சனம் கலையமுன் கோயில் முற்றத்தில் எமில்ராஜை மறித்தார். "தம்பி, நீ சொன்னது சரி. என்ரை மூக்கை நம்பி உன்னை நம்பாமல் விட்டது என்ரை பிழை. உங்கடை வீட்டுப் பிள்ளையளையும் மணந்து பாத்துப் போட்டுச் சும்மா இராதேங்கோ." கடைசி வசனம் சுற்றி நின்ற தாய்மாருக்கு. அறுபத்துமூன்று வயதில் பேர்போன மூக்கு ஏமாந்த கதையைத் தன் வாயாலேயே சொல்ல எத்தனைபேருக்குத் துணிவு வரும்? எனக்கு வராது.

அதன்பிறகு ஊதுவது நின்றது. இப்போது இரண்டரை மணிக்கு மாமி சோற்றுப் பானையோடு கரைக்கு வருகிறார். மீன்குழம்பும் ஒரு சொதியும் இருக்கும். போட்டில் ஏறுகிற எல்லாரும் அவருக்கு முன்னால் இருந்து சாப்பிடவேண்டும். நித்திரை கொண்டாயா, கை நடுங்குகிறதா, நேற்றுப் பகல் எங்கே போனாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். சாப்பிடாதவன் ஏற ஏலாது. வீட்டுக்கும் அனுப்பமாட்டார், பக்கத்திலேயே இருத்தி வைத்திருப்பார். பலூன் மாமி என்ற பேர்மட்டும் மாறவில்லை.

ஏழு மாதம் கழித்து றஞ்சித் வந்தான். கன்னம் கொஞ்சம் சதை வைத்திருந்தது. பழைய பழக்கத்தில் மாமிக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஊதட்டோ மாமி?"

"ஊதி நீ கிழிச்சது காணும். இருந்து சாப்பிடு."

எமில்ராஜ் தள்ளியிருந்து இடம் விட்டார். றஞ்சித் கோப்பையை வழித்துச் சாப்பிட்டான். இரண்டாம் தரமும் சோறு கேட்டான். கை நடுங்கவில்லை. மாமி கண்ணெடுக்காமல் பார்த்துவிட்டு, "சரி, ஏறு" என்றார்.

அவன் எழுந்து கைகழுவிவிட்டு அப்படியே நின்றான்.

"இண்டைக்கு நான் ஏறேல்லை மாமி. சோறு இறங்குது. ஆனா காலமையிலையிருந்து அந்த ஐஸ் நினைப்பாவே கிடக்கு. கடலுக்குள்ளை வந்திட்டா என்ன செய்வன் எண்டு பயமாக்கிடக்கு. நாளைக்குப் பாப்பம்."

மாமி எண்ணிப் பார்த்தார். தகப்பன், புருசன், இந்தக் கரையில் ஊதிய அத்தனைபேர். கேளாமலே தன்னைப்பற்றி உண்மை சொன்ன முதல் ஆம்பிளை இவன்தான். அவருக்குக் கண் நிறைந்தது. துடைக்கவும் இல்லை.

எமில்ராஜும் ஷெரோனும் போட்டைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாமி சோற்றுப் பானையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு மற்றக் காதை றஞ்சித்துக்கு விட்டார்.

"தூக்கு. வீட்டை வந்து என்னோடை இருந்து தேத்தண்ணி குடி. அந்த நினைப்புப் போகுமட்டும் கதைச்சுக்கொண்டிருப்பம்."