வந்தாளா?

நாம் இந்தக் குழுவில் கொண்டாடினோமே, அந்தப் பழைய டிவி தொடரின் டிவிடியை இன்று கூடலூரில் வாங்கினேன்.

தேவாலா பஸ்ஸில், பக்கத்தில் பச்சை ஸ்வெட்டரோடு இருந்த எஸ்டேட் அக்கா அட்டையைப் பார்த்துவிட்டார்.

"ஏங்கண்ணு, காணாமப் போன மூத்த மக கடைசியில வந்தாளா? அந்தக் கடைசி வாரம் மழையில எங்க லைன் வீட்டுல கரண்டே இல்ல."

"டிவிடி தரேன்க்கா, பாருங்க."

"தேயிலைக்கு விலையில்லாம ஃபேக்டரிய மூடிட்டாங்க. நாளைக்குத் திருப்பூர் போறோம். வாயால சொல்லு."

மெதுவாகக் கதை சொன்னேன். முன்சீட்டுகள் திரும்பின.

"சத்தமாச் சொல்லுங்க அம்மணி, பின்னாடி கேக்கல!" என்றார் கண்டக்டர்.

கூச்சம் தாங்காமல், என் ஸ்டாப் வந்துவிட்டதென்று பொய் சொல்லி இறங்கிவிட்டேன். அக்கா ஜன்னலில் தலை நீட்டி, "வந்தாளா?" என்று கத்தினார். நான் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தைதான் பாக்கி.

திருப்பூர் நண்பர்களே, அந்த வெயிலிலும் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு அக்காவைப் பார்த்தால் சொல்லுங்கள்: வந்துவிட்டாள்.