மெமோவைச் சத்தமாகப் படியுங்கள்

நீங்கள் பொய் சொன்னீர்கள் சார். ஸ்ரீபெரும்புதூர் கல்யாண மண்டபத்தில் நடந்த வேலைவாய்ப்பு முகாமில், வேலை போன எங்கள் எல்லோருக்கும் முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்.

"நல்ல புள்ளைங்கதான். ஆனா ஒரே வேலையிலயே உக்காந்துட்டாங்க. வேற எதையும் கத்துக்கணும்னு ஆர்வமே இல்ல."

ஆள் எடுக்க வந்திருந்த கம்பெனிக்காரர்கள் தலையாட்டினார்கள். மூன்றாவது வரிசையில் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இவர் எங்கள் பழைய கம்பெனியின் பயிற்சி அதிகாரி. ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் செட் கட்டிக் கொடுக்கும் கம்பெனி அது. எனக்குப் பிள்ளைப்பாக்கம். பிளஸ் டூ முடித்து 2008இல் சேர்ந்தேன். முதல் நாள் வகுப்பு எடுத்தவர் இவர்தான்.

"ஒரு ஆள், ஒரு வேலை. பக்கத்து டேபிள்ல என்ன நடக்குதுன்னு பாக்கறது உங்க வேலை இல்ல. உங்க வேலையில நீங்க நம்பர் ஒன் ஆகணும், அவ்வளவுதான்."

என் கையில் கறுப்பு டேப்பைக் கொடுத்தார்கள். ஆறு வருஷம் வயர்களின் மேல் டேப் சுற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவேன். அதை நான் கேவலமாகச் சொல்லவில்லை. கட்டி முடித்த செட்டைச் சோதிக்கும் டெஸ்டிங் மேசையில் ஒரு திருநெல்வேலிக்காரி இருந்தாள். வயர் நுனியில் இருக்கும் பின் பிளக்குக்குள் சரியாக உட்காரவில்லை என்றால் சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்பே அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். அப்படி ஒரு வேலையைக் கற்றவளை யாரும் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வயர் காரில் எங்கே போகிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேட்டால் சூப்பர்வைசர் சிரிப்பார்.

கம்பெனி பஸ் ஓட்டிய அண்ணனிடம்தான் போய்க் கேட்டேன். சேரப்பணஞ்சேரிக்காரர். காலையில் பஸ்ஸை எடுப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்த்துக்கொண்டிருப்பார்.

"டேப்பு சுத்துற பொண்ணுக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு? காரு வாங்கப் போறியா?"

"வாங்குனா உன்னத்தாண்ணா டிரைவரா வெச்சிப்பேன்."

"சம்பளம் ஒழுங்கா குடுப்பியா? சரி, வா. இங்க பாரு."

பார்த்தேன். வயர் இரும்பில் உரசும் இடத்தில் டேப் நெருக்கமாக இருந்தது. வளையும் இடத்தில் இடைவெளி விட்டிருந்தது. நெருக்கமாகச் சுற்றியிருந்தால் அங்கே வயர் வளையாது. அதுவரை இரண்டு வருஷமாக நான் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தேன், ஏன் என்று தெரியாமலே. ஒரு பஸ்ஸின் பானெட்டுக்குள் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொண்டதை உங்கள் வகுப்பறையில் ஒருவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. மத்தியானம் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு டெஸ்டிங் மேசைக்குப் போய்விடுவேன். திருநெல்வேலிக்காரி சொல்லிக்கொடுத்தாள். "ஏட்டி, அந்தாளு வாரான், உன் எடத்துக்கு ஓடிரு" என்பாள். ஒருநாள் நான் ஓடவில்லை. நீங்கள் வந்து நின்றீர்கள். மறுநாள் மெமோ கொடுத்தீர்கள். "அனுமதியின்றி டெஸ்டிங் மேசையில் சோதனை வேலை செய்துகொண்டிருந்தார்." கீழே உங்கள் கையெழுத்து.

சுவரில் ஒரு சார்ட் தொங்கும். எங்கள் ஒவ்வொருவர் போட்டோவுக்கு நேராக, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம். வேலை தெரியத் தெரிய வட்டத்தில் கால் கால் பாகமாகக் கறுப்பு அடிக்க வேண்டும். முழு வட்டம் என்றால் அந்த வேலையைத் தனியாகச் செய்வாள் என்று அர்த்தம். மூன்று வேலைக்கு முழு வட்டம் இருந்தால் லைன் லீடர் ஆகலாம். கார் கம்பெனியிலிருந்து ஆடிட் வரும் நாளுக்கு முந்தின நாள் உங்கள் ஆள் ஸ்கெட்ச் பேனாவோடு வந்து எல்லா வட்டத்தையும் நிரப்பிவிட்டுப் போவான். ஆடிட் முடிந்ததும் பழைய சார்ட் திரும்ப வந்துவிடும். "நிஜமாவே கத்துக்குடுங்க சார்" என்று கேட்டோம். "அப்ப புரொடக்‌ஷன் உங்கப்பா குடுப்பாரா?" என்றீர்கள்.

ஒரு ஆடிட்டில் வந்தவர் விவரமானவர். டேப் சுற்றும் பெண் ஒருத்தியின் போட்டோவைக் காட்டி, "இவங்க டெஸ்டிங் செய்யட்டும், பாக்கறேன்" என்றார். அவள் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். எந்தப் பிளக்கைத் தொடுவது என்றே தெரியாமல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குக் காய்ச்சல் என்று நீங்கள் சொன்னீர்கள். அப்புறம் திரும்பி, லைனில் இருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு, நேராக என்னைக் கூப்பிட்டீர்கள்.

எனக்கு அந்த வேலை தெரியும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் சார்? மெமோ எழுதியது நீங்கள்தானே.

செய்து காட்டினேன். விளக்கு பச்சை எரிந்தது. எந்த வயர் எந்த லைட்டுக்குப் போகிறது என்றும் அவர் கேட்டார், சொன்னேன். கம்பெனி பாஸ் ஆனது. உங்களுக்குக் கை கொடுத்தார்கள். மறுவாரம் சார்ட்டில் டேப்பிங் தவிர என் மற்ற வட்டங்கள் காலியாக இருந்தன. லைன் லீடர் இடத்துக்கு நான் விண்ணப்பித்தபோது, "நீ டேப்பிங் மட்டும்தானேம்மா" என்றீர்கள்.

2014இல் நாங்கள் வயர் கட்டிய மாடல் காரின் தயாரிப்பு நின்றது, எங்கள் லைனும் நின்றது. அனுபவச் சான்றிதழில் டேப்பிங் என்று ஒரே ஒரு வேலை.

அதனால்தான் அன்று மண்டபத்தில், இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனிக்காரர் மேசையில் நான் மெமோவை எடுத்து வைத்தேன். எனக்கு வேறு வேலையும் தெரியும் என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே அத்தாட்சி அதுதான். அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"மெமோவையெல்லாம் யாராவது இன்டர்வியூக்குக் கொண்டு வருவாங்களாம்மா?"

"அதோ மைக் புடிச்சிக்கினு நிக்கிறாரே சார், அவரையே கேளுங்க."

அவர் உங்களைக் கூப்பிட்டார். நீங்கள் வந்து என் முகத்தைப் பார்த்தீர்கள். காகிதத்தைத் தொடவில்லை. "ஞாபகம் இல்லையே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மேடைக்குப் போய், பல வேலை கற்பதன் அருமையைப் பற்றிப் பேசினீர்கள். இன்ஜினியரிங், எம்.பி.ஏ. என்று இரண்டு படிப்பு படித்தவர் நீங்கள். ஒரு மீட்டர் டேப் உங்களுக்குச் சுற்றத் தெரியாது. அந்தக் கம்பெனி என்னை எடுக்கவில்லை.

அடுத்த மாசமும் அதே மண்டபத்தில் முகாம் இருக்கிறது, நீங்கள்தான் பேசுகிறீர்கள் என்று எங்கள் ஊர் வரைக்கும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நான் வருவேன். மெமோவை உங்கள் கையில் தருவேன். அதை மைக்கில் சத்தமாகப் படியுங்கள். கையெழுத்து யாருடையது என்று சொல்லுங்கள். ஆர்வம் இல்லாத எனக்கு இதை எதற்குக் கொடுத்தீர்கள் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டு, அப்புறம் உங்கள் பேச்சை ஆரம்பியுங்கள்.