பேச்சி என்று கூப்பிட்டபோது

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று டாக்டர் கைவிட்டவர்களைக் கடைசி வார்டில் போடுவார்கள். அங்கே இருந்த நர்சம்மா ஒடிசலானவர். வளையல் இல்லாத கைகளில் எப்போதும் கார்பாலிக் சோப்பு வாசம். யார் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும், தன்னைத்தான் கூப்பிட்டதுபோல "இந்தா வாரேன்" என்று போய் நிற்பார்.

என் தகப்பனார் அன்று காலையிலிருந்து "பேச்சி, பேச்சி" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சி என் தாயார். இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நர்சம்மா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டியா?"

"காட்டிட்டேன். நீங்க உறங்குங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. "எங்கம்மா பேருக்கு நீங்க ஏன் பதில் சொல்றீக?" என்று கேட்டேன்.

"வந்த புதுசுல, நான் நர்சுன்னுதான் சொல்லுவேன். அதக் கேட்டதும் மொகம் வாடி, வாசலையே பாத்துக்கிட்டே உசுர விட்டுருவாக. பொறவு எல்லாப் பேரையும் ஏத்துக்கிட்டேன்" என்றார்.

தகப்பனார் சாயங்காலம் அமைதியாகப் போனார்.

சில மாதம் கழித்து ராஜபாளையம் பஸ்ஸில் அந்த நர்சம்மாவை எனக்கு முன் சீட்டில் கண்டேன். "நர்சம்மா" என்றேன், திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டும் திரும்பவில்லை. என்ன தோன்றியதோ, எனக்கே கேட்காத குரலில் "பேச்சி" என்றேன்.

உடனே திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, "இந்தா வாரேன், செத்த பொறுங்க" என்றார்.

வேலைப் பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ராஜபாளையம் வரும்வரை அந்த இடத்தில் நான் நகர்ந்து உட்காரவில்லை.