என் லேப்டாப்பில் அசையாத பட்டன்

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் வெப்சைட்டைத் திறந்தே ஆகவேண்டும் என்று விராலிமலைக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறவர். விவசாயிகள் போனிலேயே மெஷினைச் சொல்லிவைக்க ஒரு படிவம், அவ்வளவுதான் எங்கள் வேலை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் எங்கள் ஆபீஸ். கிளம்புகிற எதையும் கடைசியாகச் சோதிப்பது நான்தான். மணி ஒன்பதே முக்கால். என் லேப்டாப்பில் ‘பதிவு செய்’ பட்டன் அசையவில்லை.

படிவத்தைச் செய்தவள் ஆவுடையார்கோவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற பெண். போன மாதம் ஒரு தப்புச் செய்து, இன்னொன்று நடந்தால் வேலை கிடையாது என்று முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அது தெரிந்தும் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் கீழே டீக்கடை வரைக்கும் கேட்கும்.

“என்னத்தத் தொட்டுத் தொலைச்ச?”

“நான் ஒண்ணும் தொடலக்கா. என் கம்ப்யூட்டர்ல ஓடுது, இங்கிட்டு வந்து பாருங்க.”

“ஒன் கம்ப்யூட்டர்ல ஓடுனாப் போதுமா?”

முதலாளி அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். அவள் தான் எழுதிய புரோகிராமில் வரிவரியாகத் தேட ஆரம்பித்தாள். விராலிமலையிலிருந்து போன் மேல் போன்.

பத்து இருபதுக்குத்தான் பிழைகளைக் காட்டும் பகுதியைத் திறந்து பார்த்தேன். சிவப்பில் இருந்த ஃபைல் பெயர் எங்களுடையதே இல்லை. ஆபீசில் இங்கிலீஷ் மெயில் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமையைக் காப்பாற்ற, இங்கிலீஷ் தப்பைத் திருத்தும் எக்ஸ்டென்ஷன் என்கிற குட்டி புரோகிராம் ஒன்றை அந்த வாரம்தான் யாருக்கும் தெரியாமல் என் பிரவுசரில் போட்டிருந்தேன். அதுதான் படிவத்துக்குள் புகுந்து பட்டனை முடக்கியிருக்கிறது. அதை நிறுத்தினேன். பட்டன் வேலை செய்தது.

“சரியாயிருச்சு சார்” என்றேன். பிழைகள் காட்டிய பகுதியை யாரும் பார்ப்பதற்குள் மூடினேன்.

ராகுகாலத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வெப்சைட் திறந்தது. முதலாளி அவளிடம் திரும்பி, “திங்கக்கெழமையிலேருந்து வர வேணாம்மா” என்றார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பையை மாட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் நோட்டு.

“எந்த வரியிலக்கா தப்புப் பண்ணுனேன்? எழுதி வச்சுக்கிறேன். அடுத்து போற எடத்துல இப்படி ஆகக்கூடாதுல்ல.”

என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தும், ஒரு குறையும் இல்லாத ஒரு வரியைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு, “வாரேன்க்கா” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.