டாக்டர் சொன்ன ஃபுவா

கல்யாணமாகிச் சில வருஷங்களில் என் மனைவி வெளுக்கத் தொடங்கினாள். நாக்கு மட்டும் வழவழவென்று சிவந்திருந்தது. பாதம் மரத்துப்போகிறது என்பாள். மலேரியாவின் மிச்சம் என்றார்கள் அக்கம்பக்கத்தார். நானும் இரும்புச்சத்து டானிக் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, கடமை முடிந்ததென்று எங்கள் தீவின் போ பசான் ஊரிலிருந்து தினமும் ஆபீஸ் பஸ் ஏறினேன்.

மார்க்கெட்டிலிருந்து திரும்பும் வழியில் அவள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்ட பிறகுதான் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் பிரெஞ்சு மட்டும் பேசும் வெள்ளைக்காரர். பிரெஞ்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ரிவியேர் தே ஸாங்கீய் ஊரின் கரும்புக்காட்டில் வளர்ந்த அவளுக்குத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான் தெரியும். ஆனாலும் அவளை உள்ளே அனுப்பிவிட்டு, வாசலில் ஆபீஸ் நண்பரோடு தேர்தல் பேசிக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தவளின் முகம் தெளிந்திருந்தது. நிறைய ‘ஃபுவா’ வேண்டும் என்றாராம் டாக்டர். முருகனுக்கு நேர்ந்துகொள்ள ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தவள், அதைக் கடவுள் நம்பிக்கை வேண்டும் என்று புரிந்துகொண்டாள். டாக்டருக்கும் முருகன் புத்தி சொல்லிவிட்டானா என்று நான் கேலி செய்தேன். அடுத்த தைப்பூசம் வரை மீன், முட்டை, கறி எதையும் தொடுவதில்லை என்று அவள் விரதம் எடுத்தாள்.

சில மாதங்களில் சுவரைப் பிடிக்காமல் அவளால் நடக்க முடியவில்லை. இந்த முறை நானும் உள்ளே போனேன். ஃபுவா ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். பிரெஞ்சில் ஈரலுக்கும் நம்பிக்கைக்கும் ஒலி ஒன்றுதான். அவர் சாப்பிடச் சொன்னது ஈரல்.

ஈரலில் உள்ள ஒரு வைட்டமின் இவள் உடம்பில் இல்லை, அது இல்லாவிட்டால் ரத்தம் ஊறாது, நரம்பும் கெடும் என்று விளக்கினார். அதே வைட்டமின் அப்போது ஊசியாகத் தீவுக்கு வந்திருந்தது. சிவப்பு மருந்து. ஊசி விரதத்தைக் கெடுக்காதா என்று மட்டும் அவள் கேட்டாள். கெடுக்காது என்றேன்.

சில வாரங்களில் முகத்தில் ரத்தம் ஏறியது. கோவிலில் எல்லோரும் விரதத்தின் பலன் என்றார்கள். கால்களின் பலம் மட்டும் திரும்பவில்லை. சிகிச்சை தாமதமாகிவிட்டது, நரம்பு கெட்டது கெட்டதுதான் என்றார் டாக்டர்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அந்தச் சொல்லின் குழப்பத்தை அவளிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

“அன்னிக்கு நீங்க ஏன் உள்ள வரல?”

நண்பரைப் பார்த்துவிட்டதால் என்றேன். அது பொய். பிரெஞ்சு பேசும் டாக்டரின் முன்னால் கிரியோல் மட்டும் பேசும் பெண்டாட்டியோடு உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லத் தேவை இருக்கவில்லை. அவளுக்கு அது அன்றைக்கே தெரிந்திருந்தது.